செண்பகத்தின் மேற்குப் பக்கம்

பிப்ரவரி 11, ஞாயிறு

வசந்தாமணி இன்று காலை பெங்களூருக்குக் கிளம்பிப் போனாள். நல்லபடியாகப் போகட்டும். இத்தனை வருஷம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள், காரில் ஏறிவிட்டு மாத்திரை டப்பா, இட்லிப் பொட்டலம், மூக்குக் கண்ணாடி என்று நாலைந்து தடவை இறங்கி ஏறினாளே தவிர, என் முகத்தை நேராக ஒரு தடவை பார்க்கவில்லை. நானும் ஒன்றும் அழவில்லை. முப்பத்தாறு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு யாராவது கிளம்பிப் போவது புதிதா என்ன.

மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறார்கள், அவளும் அவள் வீட்டுக்காரரும். இங்கே வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர்கள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். தோட்டத்தில் இருக்கும் செண்பகத்தையும் நெல்லியையும் வெட்ட இந்த மாதக் கடைசியில் ஆள் வருகிறது.

செண்பகம் மதில் ஓரமாகவே நிற்கிறது. பூக்கிற காலத்தில் தினமும் காலையில் சுவருக்கு மேலே வசந்தாவின் கை வரும். வாழையிலைத் துண்டில் இரண்டு பூ இருக்கும். “இந்தாங்க்கா” என்பாள். நான் சமையலறைப் படியில் காப்பியோடு உட்கார்ந்திருப்பேன், எழுந்து போய் வாங்கிக்கொள்வேன். டியூட்டி இருந்த காலத்தில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். வார்டில் டெட்டால் வாசம் தாங்காத போது பையைத் திறந்து மோந்து பார்ப்பேன்.

காரில் ஏறும்போது சொன்னேன். “செம்பகத்த நான் எடுத்து எங்க தோட்டத்துல வெச்சுக்கறேன் வசந்தா.”

“அத்தாச்சோட்டுப் பெரிய மரத்தையா? ஏனுங்க்கா, உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா?”

“அது எம்பாடு. உனக்கென்ன.”

“சரி, பூத்தாச் சொல்லுங்க்கா. வந்து ரெண்டு பூ வாங்கிட்டுப் போறேன்.”

சொன்னாள். என் காதால் கேட்டேன். மருந்துக் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி சும்மாதான் கிடக்கிறது. அதனால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மரத்தைப் பெயர்த்து நடுகிற ஆள் கிடைத்துவிட்டான். ரோடு அகலப்படுத்தும் இடங்களில் மரங்களைத் தூக்கிக் கொண்டுபோய் வேறு இடத்தில் வைக்கிற வேலை அவனுக்கு. பெயர் மிதுன். கறுப்புக் கண்ணாடி, காதில் எந்நேரமும் போன். எதிரில் நிற்கிற என்னோடு பேசுகிறானா, காதில் இருக்கிறவனோடு பேசுகிறானா என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நெல்லி பொழைச்சுக்கும்ங்க மேடம். செம்பகந்தான் கோவிச்சுக்கற மரம். வேரத் தொட்டாலே அதுக்குப் பிடிக்காது. பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்.”

பாதிக்குப் பாதி என்றால் என் கணக்கில் நல்ல கேஸ். அதைவிட மோசமானவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். “மேடம்னு கூப்பிடாதப்பா, சிஸ்டர்னு கூப்பிடு” என்றேன். அதற்குள் அவன் போனுக்குப் போய்விட்டான்.

எங்கே நடுவது என்றுதான் தகராறு. என் வீட்டுக்குக் கிழக்கே, வசந்தாவின் சுவரை ஒட்டியே வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அங்கே செப்டிக் டேங்க். மேற்கே படுக்கையறைப் பக்கம்தான் இடம் இருக்கிறது, அங்கேதான் கிரேனும் எட்டும். சரி, மேற்கே என்றால் மேற்கே. ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தளம் இருக்கிறது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நெல்லிக்கு கேட் ஓரம் போதும்.

பிப்ரவரி 17, சனி

இரண்டு நாளாகத் தோண்டுகிறார்கள். மரத்தைச் சுற்றி வட்டமாகக் குழி வெட்டி, வேரோடு பிடித்திருக்கிற மண்ணை அப்படியே உருண்டையாக விட்டு, ஈரச்சாக்கு சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். தாய்மண் உதிர்ந்தால் மரம் போச்சாம். கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு வெட்டின இடத்தில் சாணி அப்பினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழிக்கிற மாதிரி, பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

மிதுன் ஊதா பெயிண்டால் மரத்தில் ஒரு கோடு போட்டான்.

“எதுக்குப்பா?”

“இது வடக்குங்க. நடும்போதும் இந்தக் கோடு வடக்கயே இருக்கோணும். மரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வெயில் பழகியிருக்கும். மாத்தி வெச்சா தோல் வெந்துரும்.”

ரொம்பத்தான் தெரிந்தவன் மாதிரி சொன்னான்.

வசந்தாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. புது இடம், சாமான் அடுக்கிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நட்டாயிற்று!

கிரேன் வந்து செண்பகத்தைத் தூக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. என் வீட்டு வாசலில் இவ்வளவு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் டீ போட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள்கூட வந்து நின்றார்கள், இதற்கு முன்னால் ஒரு தடவை கூரியர் மாறி வந்தபோது பேசியதுதான்.

நடும்போது ஒரு சின்ன விஷயம். மரத்தைக் குழிக்குள் இறக்குகிற நேரத்தில் பார்க்கிறேன், அது எனக்குத் தெரியாத மரம் மாதிரி நிற்கிறது! எனக்குத் தெரிந்த செண்பகத்துக்கு நெஞ்சு உயரத்தில் கண் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். அதற்கு மேலே கவட்டை பிரியும். அந்த முகத்தைத்தான் சமையலறைப் படியிலிருந்து இத்தனை வருஷமும் பார்த்தேன். இப்போது மேற்கே நட்டால் அந்த முகம் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், எனக்கு முதுகுதான். அந்த முதுகில் ஒரு துருப்பிடித்த ஆணி வேறு.

மிதுன் கேட்டுக்கு வெளியே போனில் கத்திக்கொண்டிருந்தான். கிரேன்காரர் செபாஸ்டியனிடம் சொன்னேன். “இதை அப்படியே ஒரு அரைச்சுத்து திருப்பி வைங்க.”

“ஊதாக் கோடு வடக்க இருக்கோணும்னாருங்களே தம்பி?”

“வீடு யாருது?”

“உங்களுதுங்க.”

“மரம் யாருது?”

“உங்களுதுதானுங்க.”

“அப்புறம் என்ன? திருப்புங்க.”

திருப்பினார். முடிச்சு என்னைப் பார்த்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. என் வீட்டுக்கு வருகிற மரம் எனக்கு முகம் காட்டித்தான் நிற்க வேண்டும். ஊதாக் கோட்டின் மேல் கொஞ்சம் சேற்றை அப்பிவிட்டேன். மிதுன் வந்து பார்த்துவிட்டு “சூப்பர்ங்க மேடம்” என்றான்.

மார்ச் 3, ஞாயிறு

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். கிழக்கே வெளிச்சம் அதிகமாக வருகிறது. சமையலறைப் படியில் இப்போது நான் உட்காருவதில்லை.

மாலையில் வசந்தா தானாகவே கூப்பிட்டாள். பதினான்காவது மாடியாம். காற்று பிய்த்துக்கொண்டு போகிறதாம். கீழே பூங்காவில் ஹேமா என்று ஒருத்தி சிநேகிதம் ஆகியிருக்கிறாள். “நல்ல பொம்பளைங்க்கா, நம்மூர்க்காரங்கதான். எங்க போனாலும் என்னையும் கூட்டீட்டுப் போயிடறாங்க.” நல்லது. செண்பகத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன்.

மார்ச் 9, சனி

நெல்லி துளிர்த்துவிட்டது. பாத்திரம் கழுவின தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றுகிறேன், அதுவும் ஞாபகம் வந்தால். செண்பகத்துக்குக் காலையும் மாலையும் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றுகிறேன். அது மொட்டையாக நிற்கிறது. வார்டிலும் இப்படித்தான், யாருக்கு நாம் ஓடி ஓடிச் செய்கிறோமோ அவர்தான் கண் திறக்க மாட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

வசந்தா கூப்பிடவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். ஏதோ விசேஷத்தில் இருந்தாள், பின்னால் பாட்டுச் சத்தம். “அப்பறம் கூப்படறங்க்கா” என்றாள். ராத்திரி படுக்கிறவரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மழை எச்சரிக்கை ஏதாவது வரும் என்றுதான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. போர் தண்ணீர் ஒரே உப்பு. குழாயில் சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது. அதைப் பிடித்துச் செண்பகத்துக்கு ஊற்றிவிட்டு நான் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறேன். இந்த ஊரில் யாரிடமாவது சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். சிறுவாணித் தண்ணீர் என்றால் இங்கே விருந்தாளிக்கே அளந்துதான் கொடுப்பார்கள்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் மரத்தைக் காட்டினேன். பாவம், அவசரத்தில் வந்தவர். மரம் எப்படி வந்தது, கிரேன் எப்படித் தூக்கியது என்று முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நின்றார். மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். “இன்னும் நாப்பது வீடு இருக்குதுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14, ஞாயிறு, வருஷப் பிறப்பு

பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு எப்படி வைத்தாலும் அதிகமாகத்தான் ஆகிறது.

வசந்தா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். கடைசியில், போனை வைக்கும்போது, “ஏனுங்க்கா, அந்தச் செம்பகம் என்னாச்சு?” என்று கேட்டாள்.

“துளிர் வந்துருச்சு வசந்தா! அங்கங்க மொட்டுகூடத் தெரியுது.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மரம் விறகுக் கட்டை மாதிரி நிற்கிறது. நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கிறது. உயிர் இருக்கிறது. அப்படியானால் துளிர் வந்த மாதிரிதானே.

ஏப்ரல் 20, சனி

மேற்குப் பக்கமாகப் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டேன். முடிச்சு இருக்கிற பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? இன்று ஹோஸ் குழாய் சிக்கிக்கொண்டது என்று அந்தப் பக்கம் போனேன். ஐயோ.

ஆணி இருக்கிற பக்கம் மேலிருந்து கீழாகத் தோல் வெடித்துப் பிளந்திருக்கிறது. ஓரங்கள் கறுத்து, காய்ந்து, விரலை வைத்தால் தகடு தகடாக வருகிறது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். எத்தனை புண்ணைப் பார்த்தவள் நான்.

மிதுனைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வந்தான். காதில் போன் இல்லை. மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். தெற்குப் பக்கம் நின்று சேற்றைச் சுரண்டினான். ஊதாக் கோடு தெரிந்தது.

“யாருங்க திருப்புனது?”

நான் ஹோஸ் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“சிஸ்டர், உங்களைத்தாங்க கேக்கறேன்.” இந்த நேரம் பார்த்துத்தான் சிஸ்டர் என்கிறான். “அந்தப் பக்கம் எத்தனையோ வருசமா வீட்டு நெழல்லயே இருந்த தோல்ங்க. சாயங்கால வெயிலே கண்டிருக்காது. அதக் கொண்டாந்து நேரா மேற்க காட்டிட்டீங்க. அதும் கிளையெல்லாம் கழிச்சப்பறம். வேகாம என்னங்க பண்ணும்?”

“திருப்பி வெச்சிரலாமா?”

“மறுபடி தோண்டுனா அன்னைக்கே செத்துரும்ங்க.”

படுக்கையில் கிடக்கிற ஆளைத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்புங்கள் என்று எத்தனை டிரெயினிங் பிள்ளைகளை வார்டில் திட்டியிருக்கிறேன். நான் திருப்பி வைத்தே புண் உண்டாக்கிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுண்ணாம்பு அடித்து, ஈரத்துணி சுற்றி, மேற்கே நிழல் கட்டச் சொன்னான். கூலி வாங்க மாட்டேன் என்றான். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், கோபத்தோடுதான் வாங்கினான்.

ஏப்ரல் 22, திங்கள்

பீரோவின் அடியில் என் வெள்ளைச் சேலைகள் இருந்தன. ரிடையர் ஆன அன்று மடித்து வைத்தது. கிழித்துக் கட்டுப் போட்டேன். அடியிலிருந்து மேலே, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைப் பாதி மூடுகிற மாதிரி. கை மறக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு முழுச் சேலையை மேற்கே கம்பு நட்டு நிழலுக்குக் கட்டினேன். எதிர்வீட்டம்மாள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வசந்தா கூப்பிட்டாள். பன்னாரி அம்மன் கோவிலுக்குப் போகும் வழியில் அவள் கொழுந்தன் மகள் கல்யாணம், மே இருபத்தாறு. “அப்படியே கோயமுத்தூரும் வந்துட்டுப் போறங்க்கா. செம்பகம் மொட்டு வெச்சிருக்குன்னீங்களே, அதுக்குள்ள பூத்துருமா?”

“பூத்துரும்” என்றேன்.

மே 5, ஞாயிறு

இல்லை.

மே 12, ஞாயிறு

இல்லை. துணிக்கட்டை நனைக்கிறேன், அவிழ்த்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஒரு துளிர் வந்துவிட்டால் போதும், அவளிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். மரத்திடமே கேட்டுவிட்டேன், என்ன உனக்கு, ஒரே ஒரு இலை விட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று. வாய்விட்டுக் கேட்டேன். பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கேட்கவும் ஆள் வேண்டுமே.

மே 25, சனி

காலையில் பஸ் பிடித்துப் பூமார்க்கெட் போனேன். செண்பகம் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நல்லதாகப் பொறுக்கி ஐந்தாறு வாங்கினேன். ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பழைய காலை மாதிரி வாசம் வருகிறது.

வீடு பெருக்கினேன். மெத்தை உறை மாற்றினேன், ஒருவேளை தங்கினால். பருப்பு ஊறப்போட்டிருக்கிறேன், அவளுக்கு வடை பிடிக்கும்.

மே 26, ஞாயிறு

வந்தாள். தங்கவில்லை. கார் வாசலிலேயே நின்றது, டிரைவர் வண்டியை அணைக்கக்கூட இல்லை.

தலைமுடியைக் கத்தரித்திருக்கிறாள், தோள்வரை. நன்றாகத்தான் இருக்கிறது. இளைத்து, முகம் தெளிந்து, எப்போதும் அந்த வீட்டில் இருக்கும்போது புருவத்துக்கு நடுவில் இருக்குமே ஒரு சுருக்கம், அது இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. நாலு மாதம் என்னை விட்டு இருந்ததற்கு இப்படியா ஒருத்தி அழகாவாள்?

கேட்டுக்குள் நுழைந்தவள், “ஐயோ, நெல்லி!” என்று அதன்பக்கம் ஓடினாள். “இதையும் எடுத்து வெச்சீங்களா! சொல்லவே இல்லீங்க்கா. நாங் கல்யாணமாகி வந்த வருசம் வெச்சது இது.” இலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பாத்திரம் கழுவின தண்ணீர் ஊற்றி வளர்த்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

“செம்பகம் மேக்கால இருக்குது” என்று கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஃப்ரிட்ஜ் பூ, வாழையிலைத் துண்டில். நான் இந்தாம்மா என்று நீட்டினேன்.

அவள் பூவைப் பார்த்தாள். வெள்ளைக் கட்டோடு மொட்டையாக நிற்கிற மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, எலையே இல்லாத மரத்துல பூவா?”

இலைத் துண்டை நீட்டியபடியே நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனாள். சேலை நிழலுக்குள் புகுந்து, கட்டை விலக்கிப் பார்த்தாள்.

“இது எம்பக்கமாச்சே.”

“என்னது?”

“இந்த ஆணி. நாந்தான் அடிச்சது. இதுல கண்ணாடிய மாட்டித்தான் தெனமும் தலை சீவுவேன். உங்க பக்கத்த வீட்டுக்குக் காட்டி வெச்சுட்டு, எம்பக்கத்தையா வெயிலுக்குக் குடுத்தீங்க?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதுவரை அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆள் இருந்தாள் என்பதே எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் சுவருக்கு மேலே ஒரு கை வந்தது, வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

“மன்னிச்சிரு வசந்தா. எனக்கு அந்த முடிச்சத்தான் தெரியும்.”

“அட உடுங்க்கா, மரந்தானே.” தளத்தில் வந்து உட்கார்ந்தாள். வடை ஒன்று தின்றாள். “உங்ககிட்ட இப்பச் சொல்லலாம். எனக்கு அந்தப் பூ வாசமே ஆவாதுங்க்கா. தலைவலி வந்துரும். வெட்டிப் போடலாம்னு அவரே எத்தனையோ தடவை சொன்னாரு.”

“அப்பறம் ஏன் வெட்டல?”

“கண்ணாடிக்குப் பக்கத்துல நீங்க தெரிவீங்க. நான் தலை சீவற நேரம் நீங்க படியில காப்பிய வெச்சுட்டுக் குடிக்காமயே செவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. தெனமும். பாத்துட்டு எப்பிடிங்க்கா சும்மா போறது? கையில குடுக்கறதுக்கு ஏதாச்சும் வேணுமில்ல?”

டிரைவர் ஹாரன் அடித்தான். எழுந்தாள். ஃப்ரிட்ஜ் பூவை எடுத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே, என் கொண்டையில் இரண்டைச் செருகினாள். போய்விட்டாள்.

அறுபத்திரண்டு வயதில் தலையில் பூவோடு தெருவில் நின்றேன்.

மே 27, திங்கள்

இரக்கம்! இத்தனை வருஷமும் என் மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். நான் அவளைத்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபக்கார வீட்டுக்காரர், ஓயாத வேலை, பேச ஆள் இல்லாமல் என்னிடம் வருகிறாள் என்று.

நான் காப்பி குடிக்காமல் எல்லாம் உட்கார்ந்ததில்லை. ஆறட்டும் என்று வைத்திருப்பேன்.

ஊறின பருப்பு இன்னும் பாதி இருக்கிறது. கீழே கொட்டினேன்.

ஜூன் 1, சனி

ஐந்து நாளாக மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தலைவலி கொடுக்கிற மரம்தானே, யாருக்கு வேண்டும். நெல்லிக்கு மட்டும் ஊற்றினேன், சிறுவாணித் தண்ணீர்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கட்டு காய்ந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நனைத்து நனைத்து மெதுவாகப் பிரித்தேன். புண்ணில் ஒட்டின துணியை இழுத்து எடுக்கக் கூடாது.

ஜூன் 2, ஞாயிறு

இன்று நாற்காலியில் உட்காரவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு மேற்கே, ஆணி இருக்கிற பக்கம், சேலை நிழலில் உட்கார்ந்தேன். காம்பவுண்டுச் சுவர் முதுகில் இடித்தது.

அங்கேயிருந்து பார்த்தால் முதலில் மரம். மரத்துக்குப் பக்கவாட்டில் என் வீடு. படுக்கையறை ஜன்னல், சிமெண்டுத் தளம், தளத்தில் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக் கையில் காலையில் வைத்த காப்பி டம்ளர் அப்படியே இருந்தது. ஆடை கட்டியிருந்தது.

நான் அங்கே இல்லை. இருந்தாலும் இப்படித்தான் தெரிந்திருப்பேன் என்று நினைத்தேன். தினமும் இதைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி தலை சீவியிருக்கிறாள்.

அழுதேன். எழுதுவதற்கென்ன, அழுதேன்தான். இரக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் மண்டையிடியைப் பொறுத்துக்கொண்டு வருஷக் கணக்காக எனக்குப் பூப் பறித்திருக்கிறாள். எனக்காக வேறு யார் அதைச் செய்தார்கள்?

டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வர ஆரம்பித்துவிட்டது. மேற்கே மேகம். எதிர்வீட்டம்மாள் முதல் தடவையாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், பெயர் ஜெயக்கொடியாம். “அந்த மரத்துக்கு என்னங்க சீக்கு? மாடியிலிருந்து தெனமும் பாக்கறேன்” என்றாள். சொன்னேன். கடைசிவரை கேட்டாள். காப்பி கொடுத்தேன், சூடாகவே குடித்தோம்.

ஜூன் 13, வியாழன்

நேற்றெல்லாம் சாரல். இன்று கட்டு மாற்றும்போது ஆணிக்கு மேலே, வெந்த தோலின் ஓரத்தில், மிளகு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப்போனேன். நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன். பச்சை.

முடிச்சுப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டு இலை. சந்தேகமே இல்லை, இரண்டு இலை!

வசந்தாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

“வசந்தா, துளிர் வந்துருச்சு.”

“அதான் சித்திரையிலயே வந்துருச்சுன்னீங்களே?”

“அது பொய். இது நெசம்.”

சிரித்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள், ஹேமாவாக இருக்கும். “இருங்க வர்றேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, “எந்தப் பக்கம்ங்க்கா?” என்று கேட்டாள்.

“உம் பக்கந்தான்.”

“ஆணிக்கு மேலயா, கீழயா?”

“மேல. ரெண்டு விரக்கடை.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“பூத்தா எனக்கு வேண்டாங்க்கா, தலைவலி. நீங்க வெச்சுக்கங்க. நெல்லி காய்ச்சாச் சொல்லுங்க.”

“வருவியா?”

“பாக்கலாங்க்கா.”

வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“காப்பி குடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“ஆச்சு” என்றேன். டம்ளர் காலியாகத்தான் இருந்தது. பக்கெட் மேல் உட்கார்ந்து, எதிரே ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.